பாதியில் மூடாமல் படிக்க: அரசியல், அறிவியல், சாகச நாவல்கள்

ஆசையாக வாங்கி நாற்பதாம் பக்கத்தில் மூடிவைக்கப்படும் தமிழ் நாவல்களில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்குத்தான் முதலிடம் கொடுக்கலாம். அதைவிட நல்ல சாகச நாவல் தமிழில் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. புத்தகத்தில் குறை இல்லை, நுழைகிற வாசல்தான் கரடுமுரடு.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழையும்போது கதை தொடங்குகிறது. தெருக்களுக்கு டச்சுப் பெயர், கடைவீதியில் மலாய், வட்டிக்கடையில் செட்டிநாட்டுக் கணக்குத் தமிழ். எதற்கும் ஆசிரியர் விளக்கம் சொல்ல மாட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் தேடினால் இரண்டு நாளில் அலுத்துவிடும். பாண்டியன் என்கிற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, புரியாத சொல்லைப் புது ஊர்ச் சந்தையில் காதில் விழும் பேச்சுபோலக் கடந்து போங்கள். பாண்டியன் தொங்கான் என்கிற பாய்மரச் சரக்குக் கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் புறப்பட்டதும் நாவல் உங்களை இழுத்துக்கொண்டு போகும். புயல் வரும் அத்தியாயத்தில் வாக்கியங்கள் துண்டு துண்டாக உடைந்து அலைபோல மோதும். அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது முட்டுக்கட்டை பினாங்கில். பாண்டியனும் நண்பர்களும் குடித்துக்கொண்டு தமிழ் இலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் கிண்டலடிக்கும் பக்கங்கள் நீளமானவை. சங்கப் பாடலும் சிலம்பும் ஓரளவு தெரிந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். தெரியாதவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம், கதை அறுந்துபோகாது. இந்திய தேசிய ராணுவம், உளவு, ஜப்பான் சரணடைந்தபின் வரும் குழப்பம் எல்லாம் இதில் உண்டு. ஆனாலும் வீரசாகசக் கதை என்று நம்பி வருபவர்களைச் சிங்காரம் ஏமாற்றுவார். தேசம், கொள்கை என்று பேசுகிற எல்லாரையும் அவர் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். 1972இல் வெளிவந்தபோது கவனிப்பாரில்லாமல் கிடந்த நாவல் இது. தயக்கம் இருந்தால் அவருடைய முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’ கதையில் தொடங்குங்கள். அதே போர், அதே வட்டிக்கடை உலகம், ஆனால் நேர்கோட்டில் போகும் சின்னக் காதல் கதை. மொழி அதில் பழகிவிடும். இரண்டும் சேர்ந்து ஒரே தொகுதியாக வந்த பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சாகசம் என்றதும் எல்லாரும் நீட்டுவது ‘பொன்னியின் செல்வன்’. நீட்டட்டும், தப்பில்லை. வந்தியத்தேவன் ஓலையோடு குதிரையில் வரும் முதல் பாகம் வேகத்துக்கு இன்றும் பாடம். வாங்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். மலிவுப் பதிப்புகளில் எழுத்து கடுகளவுக்குச் சிறுத்திருக்கும், சிலவற்றில் பிழைகளும் மலிந்திருக்கும். அட்டையில் ‘சுருக்கம்’ என்று ஒரு மூலையில் போட்டிருப்பதும் உண்டு. முழு நாவல் ஐந்து பாகம், 293 அத்தியாயம். அதில் ஐந்தாம் பாகம் மட்டுமே 91. நான்காம் பாகத்தில் இருவர் இருவராக உட்கார்ந்து ரகசியம் பேசும் இடங்களில்தான் பலர் களைத்துப்போகிறார்கள். அந்தப் பாகத்தை நாளுக்கு நாலைந்து அத்தியாயமாகப் பிரித்துப் படியுங்கள், வாரப் பத்திரிகைக்காக எழுதப்பட்டதுதானே. இரண்டு பழுவேட்டரையர் குழம்பினால் பெரியவர் கஜானாவைப் பார்க்கும் தனாதிகாரி, சின்னவர் தஞ்சைக் கோட்டைத் தலைவர் என்று நினைவில் வைத்தால் போதும். தமிழ் நூல்களை மின்னூலாக இணையத்தில் வைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இந்த நாவல் இலவசமாகவே இருக்கிறது. முதல் பத்து அத்தியாயம் அங்கே படித்துப் பிடித்தால் காசு செலவழிக்கலாம்.

சாண்டில்யனின் ‘கடல் புறா’வுக்கு ஒரே குறிப்புதான். மரக்கலம் வரும் பக்கங்களை நிதானமாகவும், நாயகியின் அழகு வரும் பக்கங்களை வேகமாகவும் படியுங்கள். மூன்று பாகமும் சுலபமாக முடிந்துவிடும்.

அரசியல் நாவலில் முதல்முறை நுழைபவருக்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1947 ஆகஸ்டுக்குப் பிறகும் இந்தியாவில் சேராமல் ஹைதராபாத் மன்னர் நிஜாம் இழுத்தடித்த காலம். நிஜாமுக்கு ஆதரவான ரஜாக்கர்கள் என்கிற ஆயுதக் குழுவின் அட்டகாசம் ஒருபக்கம், 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைவது மறுபக்கம். நடுவில் செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் சந்திரசேகரன் என்கிற பையன் சைக்கிள் மிதிக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். அரசியல் நாவல் என்று வாங்கியவர்கள் ‘அரசியல் எங்கே?’ என்று கேட்டு மூடிவைப்பது இங்கேதான். கூட விளையாடிய முஸ்லிம் பையன்களின் பேச்சு எந்த இடத்தில் மாறுகிறது, இவன் மனசுக்குள் அவர்களைப் பற்றி என்ன மாறுகிறது என்று கவனியுங்கள். அரசியல் அங்கே இருக்கிறது. கதை சில இடங்களில் ‘நான்’ என்றும் சில இடங்களில் ‘சந்திரசேகரன்’ என்றும் நகரும். அது அச்சுப்பிழை இல்லை. கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் முன்கூட்டியே புரட்டிப் பார்க்காதீர்கள், நாவல் முழுவதும் அந்த இடத்துக்காகத்தான் அமைதியாக நடந்து வருகிறது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அதைவிட நேரடியானது, வேகமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதைப் பின்னணியாகக் கொண்டது. சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது. அப்படியே நம்பிவிடாமல் படிக்க வேண்டிய இடமும் உண்டு. பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக்குறையைக் காரணமாக நாவல் முன்வைக்கிறது. நிலத்தையும் கூலியையும் சாதியையும் பேச வேண்டிய இடத்தில் மனோதத்துவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று இடதுசாரிகள் அப்போதே சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையில் நியாயம் இருக்கிறது. எனவே வெண்மணியைத் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜெயமோகனின் ‘பின் தொடரும் நிழலின் குரல்’ தடித்த புத்தகம். கம்யூனிஸ்ட் கட்சி வரலாற்றிலிருந்தே அழிக்கப்பட்ட வீரபத்ர பிள்ளை என்பவரின் தடத்தை ஒரு தொழிற்சங்கத் தலைவர் தேடிப் போகிறார். அந்தத் தேடல், 1938இல் ஸ்டாலின் சுட்டுக்கொன்ற சோவியத் தலைவர் புகாரின் வரை நீள்கிறது. முதல் நூறு பக்கம் துப்பறியும் கதைபோல ஓடும். பிறகு கதையை நிறுத்திவிட்டுக் கடிதம், கட்டுரை, சிறுகதை, நாடகம் என்று உள்ளே வைத்துக்கொண்டே போவார். வாசகர்கள் கழன்றுகொள்வது இந்த நடுப்பகுதியில். பழைய தோழர்களை ஸ்டாலின் துரோகிகளாக்கித் தண்டித்த மாஸ்கோ விசாரணைகளைப் பற்றிப் பத்து நிமிடம் எங்காவது படித்துவிட்டு வந்தால் அந்தப் பக்கங்கள் திறந்துகொள்ளும். இல்லாவிட்டால் சுவரில் முட்டுவதுபோல இருக்கும். இந்தப் பட்டியலில் முதல் புத்தகமாக இதை எடுக்கக் கூடாது.

பக்கம் குறைவாக, அடி பலமாக வேண்டுமென்றால் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’. ஈழத்தில் இயக்கத்துக்குப் போன பையன், பாரிஸில் அகதி விண்ணப்பம். யாழ்ப்பாணத் தீவுப்பகுதிப் பேச்சுத்தமிழ் முதல் பத்து பக்கம் தடுக்கும், பிறகு காது பழகிவிடும். அடிக்குறிப்புகளைத் தவிர்க்காமல் அந்தந்த இடத்திலேயே படிக்க வேண்டும், கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அறிவியல் புனைவு அலமாரி தமிழில் கொஞ்சம் காலிதான், மறைப்பானேன்? அதிலும் நடுவில் நிற்பது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆளும் வருங்கால இந்தியா. அரசாங்கம் கொடுத்த இரண்டெழுத்துப் பெயர்கள், குழந்தை பெற்றுக்கொள்ள அனுமதிச்சீட்டு, அதற்குள் நிலா என்கிற சாதாரணப் பெண், கூடவே புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. விஞ்ஞானத்தைத் தேடினால் கொஞ்சம் ஏமாற்றம்தான், எண்பதுகளின் கணினிக் கற்பனை பல இடங்களில் நரைத்துவிட்டது. நரைக்காதது அதன் அரசியல். ஒரு நாடு எப்படித் தலைவரின் முகத்தை மட்டும் நம்பிப் பழகுகிறது என்பதை இவ்வளவு விளையாட்டாகச் சொன்ன இன்னொரு தமிழ் நாவலைக் காட்டுவது கஷ்டம். உண்மையில் இதை அரசியல் அலமாரியில்தான் வைக்க வேண்டும். தொடராக வந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கில் முடியும். ஒரே மூச்சில் படித்தால் அந்தத் திடுக்குகளே சலிப்பாகிவிடும். இரண்டாம் பகுதியான ‘மீண்டும் ஜீனோ’வை முதலில் வாங்கிவிடாதீர்கள். நாய்க்காகப் படிக்கலாம், ஆனால் முதல் நாவலின் இறுக்கம் அதில் இல்லை.

அறிவியலே கருவாக இருக்க வேண்டும் என்பவர்கள் நாவலை விட்டுவிட்டு ஜெயமோகனின் ‘விசும்பு’ சிறுகதைத் தொகுப்புக்குப் போகலாம். ராக்கெட்டும் ரோபோவும் குறைவு, சித்த மருத்துவம்போல நம் பக்கத்து அறிவுமரபுகள் அதிகம்.

வரிசை வேண்டுமென்றால் என் இனிய இயந்திரா, குருதிப்புனல், 18வது அட்சக்கோடு, கொரில்லா, அதன்பின் சிங்காரத்தின் இரண்டும். நிழலின் குரலை எப்போது எடுத்தாலும் இரண்டு வாரத்துக்கு வேறு புத்தகத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.