டூர் கைடு கேட்டாலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்: 62,400 ரூபாய் போய்விட்டது

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இன்று காலையிலும் அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு, உட்காருங்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறேன். மலேசியா, பாலி, துபாய் என்று கூட்டம் சேர்த்து அழைத்துப் போகிற டூர் ஏற்பாட்டாளர், நம்ம பாளையங்கோட்டையில்தான் கடை வைத்திருக்கிறார். வக்கீல் வேண்டாம் என்றதால் பெயரைப் போடவில்லை. என் அம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தொலைத்தது அவர்கள், அதற்குச் செலவழித்தது நான், மொத்தம் 62,400 ரூபாய். இப்போது அவர்கள் சொல்கிற பதில் என்ன தெரியுமா? "பாஸ்போர்ட்ட நீங்கதான அண்ணாச்சி கையில வச்சிருக்கணும்?"

நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு நமக்கு 30 நாள்வரை விசா வேண்டாம் என்று ஆனதும் நம்ம ஊரில் இந்த டூர்க்காரர்கள் பெருகிவிட்டார்கள். அம்மாவுக்கு பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. திருச்செந்தூருக்கு மாசம் தவறாமல் போகிறவள், அந்த 140 அடி சிலையை டிவியில் தைப்பூசத்துக்குப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள். சரி என்று நான், மனைவி, மகள், அம்மா நாலு பேரும் பணம் கட்டினோம். நாகர்கோவில் வழியாக வேனில் திருவனந்தபுரம், அங்கிருந்து கோலாலம்பூர். கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற வாத்தியார்கள், டீச்சர்கள். எல்லாரும் நம்ம ஜனம் என்பதால் மனசுக்கு ஒரு தைரியம்.

கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முடிந்து பஸ்ஸில் ஏறின உடனே கைடு ஒரு கறுப்பு ரெக்சின் பையோடு சீட் சீட்டாக வந்தான். நல்ல பையன் மாதிரிதான் இருந்தான், பேச்செல்லாம் அப்படிப் பதமான பேச்சு. "அண்ணாச்சி, எல்லாரு பாஸ்போர்ட்டையும் இங்கன குடுத்திருங்க. ஓட்டல்ல பதியணும்லா. அப்புறம் நானே வச்சிருக்கேன், ஊருக்குக் கிளம்பும்போது தாரேன். கூட்டத்துல ஒருத்தர் தொலச்சாலும் எல்லாருக்கும் வம்பு." வாத்தியார் ஒருவர் முதலில் கொடுத்தார், பின்னாலேயே எல்லாரும் கொடுத்தார்கள். அம்மா மட்டும் தயங்கினாள். நகைக்கடையில் கொடுத்த சிவப்பு ஜிப் பர்ஸில் பாஸ்போர்ட்டை வைத்து, அதை முந்தானைக்குள் செருகியிருந்தாள். "எய்யா, எங்கிட்டயே இருக்கட்டுமே" என்றாள். அவன் குனிந்து, பெற்ற பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு, "ஆச்சி, உங்ககிட்ட இருந்தா தொலஞ்சிரும். எங்கிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்க மாதிரி" என்றான். அம்மா ஜிப்பைத் திறந்து கொடுத்தாள். எனக்கு இப்போது ராத்திரி தூக்கம் வராமல் போவது இந்த இடத்தை நினைத்துத்தான். எழுபது வயதைத் தாண்டிய மனுஷியிடம் உன்னால் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி வாங்கியவன் அவன்.

இரண்டாம் நாள் சாயங்காலமே ஒரு கூத்து நடந்தது. மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம். நம்ம கடையநல்லூர், தென்காசிப் பேச்சு காதில் விழுகிற தெரு அது. சீருடைக்காரர்கள் இரண்டு பேர் நிறுத்தி பாஸ்போர்ட் கேட்டார்கள். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அசல் எங்கே என்றார்கள். கைடிடம் இருக்கிறது என்றால் அவர்களுக்கு அது ஒரு பதிலாகவே தெரியவில்லை. அந்த நாட்டில் வெளிநாட்டுக்காரர் கேட்டவுடன் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அதுதான் சட்டம். ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள், அம்மா ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கைடு டாக்சி பிடித்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் கடைகள் விளக்குப் போட்டுவிட்டன. அப்போதே, இனி எங்கள் நாலு பேருடையதையும் கொடுத்துவிடு தம்பி என்று கேட்டேன். "நாளைக்கு பினாங்கு ஓட்டல்ல மறுபடி வாங்கணும் அண்ணாச்சி, எதுக்கு ரெண்டு வேல?" என்று பையை மூடிவிட்டான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் பாஸ்போர்ட் கேட்பது உண்மைதான். விவரத்தைக் குறித்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுப்பார்கள், மலேசியாவில் வெளிநாட்டவர் என்றால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் வாங்குவார்கள். எல்லாம் கவுன்டரில் நாம் நிற்கும்போதே முடிகிற வேலை. அதற்காக ஒரு கைடு மொத்தக் கூட்டத்தின் பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி நாள்கணக்கில் சுமந்து திரிய வேண்டிய அவசியம் கிடையாது. பின்னே எதற்கு வாங்குகிறார்கள்? ஆள் கூட்டத்தை விட்டு நகரக்கூடாது, கேட்காமல் தனியாக எங்கேயும் போகக்கூடாது, பேசாத கட்டணத்தை நடுவழியில் கேட்டாலும் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும். நான் புரிந்துகொண்டது அதுதான்.

பினாங்கில் தண்ணீர்மலைக் கோயில், திரும்பி வந்து பத்துமலை. 272 படியையும் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டாள். அந்த ஒரு சந்தோஷம்தான் மிச்சம். கிளம்புகிற ராத்திரி ஏர்போர்ட்டில் வைத்து கைடு பாஸ்போர்ட்டுகளைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தான். எல்லாருக்கும் வந்தது. என் மகளுக்கு வந்தது, மனைவிக்கு வந்தது, எனக்கு வந்தது. அம்மா கையை நீட்டியபடி நிற்கிறாள், ரப்பர் பேண்ட் மட்டும் அவன் விரலில் தொங்குகிறது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான், பக்கத்து ஜிப், உள் ஜிப், தன் சட்டைப் பை. "ஆச்சி, உங்ககிட்ட தந்துட்டேன்லா?" என்று கேட்டானே பார்க்கலாம். அம்மா பதில் பேசாமல் சிவப்புப் பர்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே பத்துமலை விபூதிப் பொட்டலம்.

கவுன்டர் மூடுகிற நேரம் வந்துவிட்டது. "குரூப்ப விட்டுட்டு நான் நிக்க முடியாது அண்ணாச்சி. நீங்க எம்பசியில சொன்னா ஒரு நாள்ல அனுப்பிருவாங்க. செலவ ஆபீஸ்ல பாத்துக்கிடுவாங்க, நான் பொறுப்பு." இதைச் சொல்லிவிட்டுப் போனவன்தான். மகளுக்குப் பரீட்சை என்பதால் மனைவியையும் அவளையும் அனுப்பிவிட்டு, அம்மாவும் நானும் பெட்டியோடு நின்றோம். எங்கள் இரண்டு பேர் திரும்பும் டிக்கெட்டும் அதோடு போச்சு.

ஒரு நாளில் அனுப்பிவிடுவார்களாம்! முதலில் போலீஸ் ரிப்போர்ட். அப்புறம் மொண்ட் கியாராவில் உள்ள நம் இந்தியத் தூதரகம், அது சனி ஞாயிறு மூடியிருக்கும், நாங்கள் மாட்டியது வெள்ளிக்கிழமை ராத்திரி. அங்கே எமர்ஜென்சி சர்டிபிகேட் என்று ஒன்று தருவார்கள், இந்தியாவுக்குத் திரும்பிப் போக ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் தாள். அதை வாங்கினாலும் உடனே விமானம் ஏற முடியாது, மலேசியக் குடிநுழைவுத் துறையில் வெளியேற அனுமதி வாங்க வேண்டும், ஏனென்றால் அவள் நாட்டுக்குள் வந்த முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. ஒவ்வொரு இடத்திலும் வரிசை, படிவம், போட்டோ. தூதரகத்து ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன், வயதானவர் என்று பார்த்து முன்னால் கூப்பிட்டார்கள். என் போனில் அம்மா பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படமாக இருந்ததால்தான் வேலை அந்த மட்டுக்கு நடந்தது. ஒரு தமிழ் டாக்சிக்காரர், போலீஸ் ஸ்டேஷனில் மலாயில் எழுதின ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார், காத்திருந்த நேரத்துக்குக் காசே வாங்கவில்லை. முன்பின் தெரியாத மனுஷர் காட்டின அக்கறையில் கால்வாசி எங்கள் ஊர் டூர்க்காரரிடம் இல்லை.

அம்மா அத்தனை நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பர்ஸைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள்.

கடைசியில் சென்னைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. சென்னையில் இறங்கியதும் சர்டிபிகேட்டைப் பார்த்துத் தனியாக உட்கார வைத்துக் கேள்வி, அப்புறம் எழும்பூர் வந்து நெல்லை எக்ஸ்பிரஸ். கணக்கு இதுதான்: இரண்டு பேருக்குப் புது டிக்கெட் 36,800. ஓட்டல் 13,200. டாக்சி, கட்டணம், போட்டோ, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து 12,400. ஆக 62,400 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு பினாங்கு ஓட்டலிலிருந்து தகவல் வந்தது. பாஸ்போர்ட் அங்கேதான் இருக்கிறதாம், ஜெராக்ஸ் மெஷின் மூடிக்கு அடியில். கைடு எண்ணிப் பார்க்காமலே கட்டை வாங்கிப் பையில் போட்டிருக்கிறான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எண்ணியிருந்தால் போதும். இப்போது கிடைத்தும் பிரயோஜனம் இல்லை, தொலைந்ததாகப் பதிவானால் அது ரத்துதான், திரும்பக் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் போக முடியாது. புதுசு எடுக்கச் சாதாரணக் கட்டணம் 1,500 என்றால் தொலைந்ததற்கு 3,000.

சரி, அலுவலகத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்றானே, அங்கே போனேன். கவுன்டரில் இருந்த பிள்ளை, "சார் சபரிமலைக்குப் போயிருக்காங்க" என்றது. அடுத்து, "சார் திருவனந்தபுரத்துல குரூப்ப ஏத்திவிடப் போயிருக்காங்க." வாட்ஸப்பில் ரசீதை எல்லாம் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பணம் கட்டும்வரை ராத்திரி பத்து மணிக்குக்கூட "அண்ணாச்சி சாப்டாச்சா" என்று பேசிய அதே மனுஷன். ஒருவழியாக ஆளைப் பிடித்தால், கைடு எங்க ஸ்டாஃப் இல்லை, கமிஷனுக்கு வருகிற ஆள் என்கிறார். இன்சூரன்ஸில் கேளுங்கள் என்கிறார். பேக்கேஜில் இன்சூரன்ஸ் உண்டு என்றுதான் நோட்டீஸில் போட்டிருந்தார்கள், அந்த பாலிசி நம்பரைக் கேட்டால் தேடிச் சொல்லுகிறேன் என்கிறார், இன்றுவரை தேடுகிறார். அடுத்த டூருக்கு 5,000 குறைத்துக்கொள்கிறேன் என்று ஒரு சலுகை வேறு. 62,400 ரூபாய் போனவனிடம் அடுத்த டூராம்!

இன்று காலையில் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு எழுத்தில் ஒரு வரி: பாஸ்போர்ட் மற்றும் உடைமைகளுக்குப் பயணியே பொறுப்பு. பயணி பொறுப்பென்றால் பயணி கையில் அல்லவா இருக்க வேண்டும்? பஸ்ஸில் சீட் சீட்டாக வந்து வாங்கினது யார் என்று கேட்டேன். "உங்கள யாரு குடுக்கச் சொன்னா?" என்றார். அங்கே நின்றுகொண்டிருந்த இன்னொரு வாடிக்கையாளர் முன்னால்தான் இதைச் சொன்னார், கூச்சமே இல்லை.

வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதா, ரூமில் வைத்துவிட்டுப் போவதா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது என்னிடம் வாதம் பண்ணுகிறார்கள். மலேசியா, தாய்லாந்து மாதிரி நாடுகளில் கையில் இருக்க வேண்டும். ஜப்பானில் சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே போனால் ஒரு லட்சம் யென்வரை அபராதம் போட சட்டம் இருக்கிறது. அப்படிக் கட்டாயம் இல்லாத ஊரில், பிக்பாக்கெட் அதிகம் என்றால், ரூம் லாக்கரில் வைத்து நம்பரை நாமே போட்டுப் பூட்டலாம். கையிலோ லாக்கரிலோ, அது அவரவர் வசதி. மூன்றாவது ஆள் பையில் மட்டும் கிடையவே கிடையாது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, அதை ஒரு டூர்க்காரன் அடமானம் மாதிரிப் பிடித்து வைக்க அவனுக்கு என்ன உரிமை? கத்தாரில் தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கிற முதலாளிக்கு 25,000 ரியால்வரை அபராதம் உண்டு. அங்கே வேலைக்குப் போகிற நம்ம பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ஓட்டல் கவுன்டரில் நீங்களே நின்று கொடுத்து நீங்களே திரும்ப வாங்குங்கள். தாய்லாந்தில் பைக் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கேட்பார்கள், பணமாகக் கொடுங்கள், இல்லை வேறு கடை பாருங்கள். முதல் பக்கம், கடைசிப் பக்கம் படமும் இரண்டு போட்டோவும் உங்களிடமும் வீட்டில் ஒருவரிடமும் இருக்கட்டும். இன்சூரன்ஸ் என்றால் பாலிசி நம்பரைக் கேட்டு வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிந்துவிட்டேன். திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் கொடுக்கப் போகிறேன், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களோடு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கைடு பாஸ்போர்ட் வாங்கினதைப் பார்த்தோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அதே கடையில் அடுத்த மாசம் பாலிக்கு ஒரு கூட்டம் கிளம்புகிறது, கவுன்டரில் பட்டியல் கிடந்தது. உங்கள் தெருவில் யாராவது அதில் போனால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பஸ்ஸில் பையோடு வருவான், கொடுக்க வேண்டாம்.