பெயர்களின் வேரைக் காட்டும் தளம்: 'பிஹைண்ட் தி நேம்' பற்றிய மதிப்புரை

ஒரு பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடினால் விடை கிடைக்காமல் போவதே இல்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பெயர்ப் பட்டியல்களை வெளியிடும் பெரும்பாலான தளங்களும் செயலிகளும், எந்தப் பெயரைத் தட்டினாலும், 'அழகு', 'அறிவு', 'வெற்றி', 'ஒளி' என்பவற்றுள் ஒன்றை எடுத்து நீட்டிவிடுகின்றன. அந்தப் பொருள் எந்த மொழியிலிருந்து வந்தது, எந்த வேர்ச்சொல்லில் நிற்கிறது, யார் அதை முதலில் பெயராக வழங்கினார்கள் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. மைக் கேம்ப்பெல் என்பவர் 1996 இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துவரும் 'பிஹைண்ட் தி நேம்' என்ற தளத்தை நான் மிக உயர்வாக மதிப்பதற்குக் காரணம், அது பொருளைச் சொல்வதற்கு முன் வரலாற்றைச் சொல்கிறது என்பதே.

தளத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு பெயரைத் தேடினால், அது எந்தப் பாலினருக்கு வழங்குகிறது, எந்தெந்த மொழிகளில் வழங்குகிறது, தாய்மொழியின் எழுத்தில் எப்படி எழுதப்படுகிறது, எப்படி ஒலிக்கப்படுகிறது என்பவை முதலில் வருகின்றன. அதன் கீழே பொருளும் வரலாறும் ஒரு சிறு கட்டுரையாக விரிகின்றன. பிறகு அந்தப் பெயரின் வேற்றுமொழி வடிவங்கள், செல்லப் பெயர்கள், எதிர்பால் வடிவங்கள் ஆகியவை இணைப்புகளோடு தரப்படுகின்றன. ஜான் என்ற பெயரின் பக்கத்திலிருந்து புறப்பட்டால், 'யாவே (இறைவன்) அருள்கூர்ந்தார்' என்று பொருள்படும் யோஹனான் என்ற எபிரேயப் பெயர் கிரேக்கத்தில் இயோவானெஸ் ஆகி, இத்தாலியின் ஜியோவான்னி, ஸ்பெயினின் ஹுவான், ரஷ்யாவின் இவான், அயர்லாந்தின் ஷான், ஆர்மீனியாவின் ஹொவ்ஹானெஸ் என்று பிரிந்து சென்றதை ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். இவானும் ஷானும் ஒரே பெயர்தான் என்பது ஒலியைக் கொண்டு மட்டும் யாருக்கும் தோன்றாது.

இத்தளத்தின் உண்மையான தகுதி, மற்ற இடங்களில் தவறாகப் பரவிய பெயர்களில்தான் வெளிப்படுகிறது. வனெசா என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'வண்ணத்துப்பூச்சி' என்று பொருள் எனப் பல பட்டியல்கள் எழுதுகின்றன. உண்மையில் அது கிரேக்கப் பெயரே அன்று. எஸ்தர் வான்ஹோம்ரி என்ற தம் தோழிக்காக, அவருடைய குடும்பப் பெயரின் முதல் அசையையும் எஸ்தரின் செல்ல வடிவத்தையும் சேர்த்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் புனைந்த பெயர் அது. 1807 இல்தான் ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கு அதைச் சூட்டினார். பெயரிலிருந்து பூச்சிக்குப் போன சொல்லை, பூச்சியிலிருந்து பெயருக்கு வந்ததாகப் பட்டியல்கள் தலைகீழாக்கிவிட்டன. கியாரா என்ற பெயரிலும் இதே வகைக் குழப்பம் உண்டு. இத்தாலியின் கியாரா, 'தெளிவான, ஒளிமிக்க' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. அயர்லாந்தின் கீரா, 'கருமை' என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வருகிறது. இன்று ஆங்கில எழுத்தில் 'கே'யில் தொடங்கி எழுதப்படும் கியாரா இந்த இரண்டில் எதன் வடிவமாகவும் இருக்கலாம். ஒளி என்று மட்டும் சொல்லி முடித்துவிடாமல், இரண்டு மூலங்களையும் அருகருகே வைக்கும் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதும் துணிவும் இத்தளத்துக்கு உண்டு. மேரி என்ற பெயர் மிரியாம் என்ற எபிரேய வடிவத்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை; ஆனால் மிரியாமின் பொருள் 'கசப்புக் கடல்', 'எதிர்ப்புணர்வு', 'விரும்பிப் பெற்ற குழந்தை' என்று பலவாறு ஊகிக்கப்பட்டிருக்கிறது; அது 'அன்புக்குரியவள்' என்ற கருத்துடைய பழைய எகிப்தியச் சொல்லாகவும் இருக்கலாம். 'கடலின் விண்மீன்' என்று இன்றும் பலர் மேற்கோள் காட்டும் பொருளோ, விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'கடலின் துளி' என்று எழுதிய லத்தீன் தொடரில் ஓர் எழுத்து மாறியதால் பிறந்தது என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். ஒரே ஒரு பொருளை எதிர்பார்த்து வரும் பெற்றோருக்கு இப்படிப் பல ஊகங்களைக் காட்டும் பக்கம் ஏமாற்றம் தரலாம். ஆயினும் ஒரு குழந்தை வாழ்நாள் முழுதும் சுமக்கப்போகும் பெயரைப் பற்றி, இல்லாத உறுதியைச் சொல்வதைவிட இதுவே பொறுப்பான செயல் என்று நான் நினைக்கிறேன்.

பழைய ஜெர்மானியப் பெயர்களின் பக்கங்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. வில்லியம் என்ற பெயரில் 'விருப்பம், உறுதி' என்ற ஒரு கூறும் 'தலைக்கவசம்' என்ற இன்னொரு கூறும் இருக்கின்றன. இவற்றை இணைத்து 'உறுதிமிக்க காவலன்' என்று தொடராக்கிவிடும் வழக்கம் பட்டியல்களில் உண்டு. ஆனால் அக்காலத்தில் பெற்றோர் பெயரிலிருந்து ஒரு கூறும் மூதாதையர் பெயரிலிருந்து ஒரு கூறும் எடுத்துக் கோத்துப் பெயர் வைத்தார்கள். முழுப் பெயருக்கும் ஒரு பொருள் அமைய வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஹில்டெகுண்ட் என்ற பெண்பெயரில் முதற்கூறுக்குப் 'போர்' என்றும் இரண்டாம் கூறுக்குப் 'போர்' என்றும்தான் பொருள். இத்தளம் இரு கூறுகளையும் தனித்தனியே விளக்கி நிறுத்திக்கொள்கிறது. கவர்ச்சியான தொடராக்கிக் காட்டுவதில்லை.

பொருளை வைத்துப் பெயரைத் தேடும் வசதியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 'இறைவனின் கொடை' என்ற கருத்து எத்தனை மொழிகளில் பெயராகியிருக்கிறது என்று பாருங்கள்: கிரேக்கத்தில் தியடோர், எபிரேயத்தில் நத்தானியேல், ஸ்லாவிய மொழிகளில் போக்டன், பாரசீகத்தில் குதாதாத், பிரெஞ்சில் தியூதொனே, சமஸ்கிருதத்தில் தேவதத்தன். ஒன்றோடொன்று ஒலியில் பெரும்பாலும் ஒட்டாத இப்பெயர்கள் ஒரே நன்றியுணர்விலிருந்து பிறந்தவை. இந்த உறவு எனக்கு வேர்ச்சொல் உறவைவிட நெருக்கமாகத் தோன்றுகிறது. தளத்தின் உறவுப்பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் வேரால் இணைந்தவற்றையே காட்டுவதால், பொருளால் இணைந்தவற்றை வாசகர்தாம் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'சிறியவர்' என்று பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் மொழிபெயர்த்து வழங்கிய மரபு நமக்குத் தெரியும். ஒலியை விட்டுப் பொருளைக் கொண்டுவந்த இத்தகைய பெயர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடம் வேண்டும்.

சீன, ஜப்பானியப் பெயர்களில் ஒலி ஒன்றாக இருந்தாலும் எழுத்து மாறினால் பொருளும் மாறிவிடும். 'வெய்' என்ற சீனப் பெயருக்கு வெவ்வேறு எழுத்துகளைக் காட்டி அவற்றின் பொருள்களையும் தருவதால், இத்தளம் அங்கே பிழை செய்வதில்லை. தமிழ்ப் பெயர்களுக்கு வரும்போது நிறைவு குறைகிறது. ஐரோப்பியப் பெயர்களுக்கு இருக்கும் விரிவும் ஆழமும் தமிழுக்கு இல்லை. விளக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. ரோமன் எழுத்தில் தேடுவதால் நிலாவும் நீலாவும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கும். நிலா தமிழ்ச் சொல். நீலா நீல நிறத்தைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புடையது. தாய்மொழி எழுத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வருபவர் தவறிவிடுவார். தமிழ்ப் பெயரின் வேரை அறிய விரும்புவோர் இத்தளத்தோடு நிற்காமல், 1924 முதல் 1936 வரை வெளியான சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் புரட்டிப் பார்ப்பது நல்லது. அது இணையத்திலும் தேடக் கிடைக்கிறது.

நாடுவாரியான பெயர்ப் புள்ளிவிவரங்கள், அரசுகள் வெளியிடும் பதிவுகளை ஒட்டியவை என்பதால் பயனுள்ளவை. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தரவு 1880 வரை பின்னோக்கிச் செல்வதால், ஒரு பெயர் எப்போது எழுந்தது, எப்போது சரிந்தது என்பதை வரைபடத்தில் காணலாம். ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களை அந்த நிர்வாகம் வெளியிடுவதில்லை; ஆகவே அரிய பெயர்களின் வரலாற்றை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பெயர் பழமையானதா, இளமையானதா, மென்மையானதா என்று பயனர்கள் அளிக்கும் மதிப்பீடுகளை நான் பொருட்படுத்துவதில்லை.

பயனர்கள் அனுப்பிய பெயர்கள் தனிப் பகுதியில் வைக்கப்பட்டிருக்கின்றன. முதன்மைப் பதிவுகளின் கண்டிப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் தமிழ்ப் பெயர்களின் குறையைத் தீர்க்கும் வழியும் அதுவே. அனுப்ப முன்வருவோர் தமிழ் எழுத்து வடிவத்தைத் தவறாமல் சேர்க்க வேண்டும். இளங்கோ என்றால் 'இளம்', 'கோ' என்று கூறுகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். செந்தில் என்ற பெயரைச் 'செம்மை' என்று மட்டும் எழுதி முடிக்காமல், புறநானூற்றிலேயே ஊர்ப்பெயராக வருவதையும், அவ்வூரின் முருகன் வழியாக ஆட்பெயரானதையும் சேர்த்து எழுத வேண்டும்.