டிராக்டருக்கு மீட்டர் உண்டு, ரோட்டவேட்டருக்கு? பெகு பக்கத்திலிருந்து ஒரு நோட்டுக் கணக்கு

2018இல் ஐம்பது குதிரைத்திறன் குபோட்டா டிராக்டர் ஒன்று வாங்கினோம். பர்மாவில் பெகுவுக்குக் கிழக்கே, சித்தாங் ஆற்றுப் பக்கம் எங்களுக்குச் சொந்த நிலம் 14 ஏக்கர்தான். வண்டி ஓடுவதில் முக்கால்வாசி வாடகை உழவு. மழைக்காலத்தில் நெல்லுக்குச் சேறடிப்பு, அறுப்பு முடிந்ததும் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் புழுதி உழவு. கூடவே, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஒன்று, டிஸ்க் கலப்பை, சேற்றுக்கு ஒரு ஜோடி இரும்புச் சக்கரம், ஒரு டிரெய்லர். இதற்கெல்லாம் பராமரிப்புக் கணக்கு எழுதிப் பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்கிறேன். புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு உதவலாம்.

முதலில் போனில்தான் ஆரம்பித்தோம். மகன் எக்செல் போட்டுக் கொடுத்தான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கிரீஸ் அப்பிய விரலுக்கு டச் ஸ்கிரீன் எங்கே அடங்குகிறது? அதோடு எங்கள் டிரைவர் தம்பி வீட்டில் தமிழ்தான் பேசுவான், எழுத வருவது பர்மியம் மட்டும். நான் கோயில் பள்ளியில் தமிழ் எழுதக் கற்றவன். அவன் போனில் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துமுறை, என் போனில் யூனிகோடு. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியது, தம்பியின் போன் மாறவில்லை. ஃபில்டர் மாற்றியாச்சு என்று அவன் அனுப்பினால் என்னிடம் உடைந்த வட்டங்களாக வந்து விழும். கரண்ட் போன நாளில் அதுவும் கிடையாது. ஒரு பருவத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அப்புறம் நோட்டுக்கு வந்தோம். என் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அன்றாடம் நடந்ததைக் குறிப்பில் எழுதி, பிறகு ஆள் ஆளுக்குப் பக்கம் ஒதுக்கிப் பேரேட்டில் ஏற்றுவாராம். அதையே நானும் பிடித்துக்கொண்டேன். தம்பி கையில் சின்ன நோட்டு, என் வீட்டில் பெரிய நோட்டு. பெரிய நோட்டில் டிராக்டருக்குச் சில பக்கம், ரோட்டவேட்டருக்குச் சில பக்கம், கலப்பைக்கு, சக்கரத்துக்கு, டிரெய்லருக்கு என்று தனித்தனிப் பக்கம்.

தனிப் பக்கம் ஏன் என்றால், டிராக்டருக்கு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் இருக்கிறது. 50 மணியில் முதல் ஆயில், அதன்பின் 200 மணிக்கு ஒரு முறை என்று கையேடு சொன்னால் மீட்டரைப் பார்த்து மாற்றிவிடலாம். ரோட்டவேட்டருக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் கியர்பாக்ஸில் ஆயில் இருக்கிறது, பக்கவாட்டுச் செயின் பெட்டியில் ஆயில் இருக்கிறது, கத்தி தேய்கிறது, போல்ட் தளர்கிறது. எத்தனை மணி ஓடியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் மாட்டும்போது டிராக்டர் மீட்டர் எவ்வளவு, கழற்றும்போது எவ்வளவு என்று இரண்டே எண். 1842.6இல் மாட்டி 1861.0இல் கழற்றினால் ரோட்டவேட்டர் பக்கத்தில் 18.4 ஏறும். வாடகை ஏக்கர் கணக்கில் வாங்குகிறோம் என்பதால் ஏக்கரைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஆனால் காய்ந்த மண்ணில் ஒரு ஏக்கரும் இளகிய சேற்றில் ஒரு ஏக்கரும் கத்திக்கு ஒன்றல்ல.

எண்ணிலும் ஒரு கூத்து நடந்தது. தம்பி பர்மிய எண்ணில் எழுதுவான். கை வேகமாக ஓடினால் அதிலும் ஆறும் ஒன்பதும் குழம்பும். 1660இல் ஆயில் மாற்றியதை நான் 1690 என்று வாசித்து, அடுத்த முறை 30 மணி தள்ளித்தான் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எண் மட்டும் 1, 2, 3 என்று எழுத வேண்டும், மற்றது உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

இனி, நான் யோசிக்காமலே போட்டுவைத்த ஒரு கட்டம். வாடகை பாக்கி கேட்க வசதியாக, யார் வயல் என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். 2021 மழைக்காலத்தில் ரோட்டவேட்டரில் கத்தி சுழலும் தண்டின் ஒரு முனையில் இருக்கும் ஆயில் சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், இரண்டு முறை போனது. முதல் தடவை ஆயிலை இறக்கினபோது தேநீர்க்கடை லப்பெயே (பால் தேநீர்) நிறத்தில் வந்தது, அதாவது உள்ளே தண்ணீர். சீல் மட்டமான சரக்கு என்று நினைத்து விலை கூடியதாக வாங்கிப் போட்டோம். அதுவும் போனது. ஒரு ராத்திரி பெரிய நோட்டைப் புரட்டினேன். இரண்டு முறையும் அதற்கு முன் ஓட்டியது வாய்க்காலை ஒட்டிய ஒரே ஆளின் வயல். மறுநாள் கத்திகளைக் கழற்றி முனையைக் கத்தியால் சுரண்டினால், மண்ணுக்கு அடியில் முடி போல மீன்வலை நைலான், சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. தண்ணீர் ஏறும்போது அங்கே வலை போடுகிறார்கள். அறுந்த துண்டு வயலில் தங்கிவிடுகிறது. நைலான் சுற்றினால் சூடேறி சீலின் ரப்பர் விளிம்பை அறுத்துவிடும். இப்போது அந்த வயலை உழுது கரையேறியதும் முனையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த வயல். சீல் அதன்பின் மூன்று மழை தாங்கியது. மணிக் கணக்கை மட்டும் எழுதியிருந்தால் இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

எங்கே வாங்கியது என்ற கட்டமும் கை கொடுத்தது. ஒரு கடை டீசல் ஃபில்டர்கள் மட்டும் 70, 80 மணியிலேயே அடைத்தன. டீசலின் மேல் பழி போடப் பார்த்தேன், அதே டீசலில் வேறு கடை ஃபில்டர் இரண்டு மடங்கு ஓடியிருந்தது. அந்தக் கடைப்பக்கம் இப்போது போவதில்லை.

தோற்ற விஷயமும் உண்டு. டிராக்டரின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டின் இரண்டு மூட்டுக்கும் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். அதையும் எழுத வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஏழு நாள் டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. தம்பியைத் திட்டிப் பயனில்லை. தினமும் செய்கிற வேலையை எழுதச் சொன்னால் மனிதன் பொய்தான் எழுதுவான். கட்டத்தை அடித்துவிட்டு, ராத்திரி கிரீஸ் கன்னை டிரைவர் சீட்டில் வைத்துவிடச் சொன்னேன். காலையில் அதை எடுக்காமல் உட்கார முடியாது. இது நோட்டைவிட நன்றாக வேலை செய்கிறது. (ஆயுத பூஜை மறுநாள் மட்டும் எச்சரிக்கை. கிரீஸ் நிப்பிள் மேலேயே சந்தனத்தை அப்பிவிடுகிறார்கள். துடைக்காமல் கன்னை வைத்தால் சந்தனம்தான் பேரிங்குக்குப் போகும்.)

செலவு என்று பார்த்தால் இரண்டு நோட்டும், மூடியோடு கயிறு கட்டிய ஒரு பேனாவும். வாரத்தில் அரை மணி நேரம் பெரிய நோட்டில் ஏற்ற வேண்டும். அறுப்புக் காலத்தில் அது மூன்று வாரம் சேர்ந்துவிடும், அப்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ரோட்டவேட்டர் மாதிரி மூன்று நான்கு கருவி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை என்பேன். சொந்த வயலுக்கு ஒரே கலப்பை வைத்திருப்பவர் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதினாலே போதும்.

டிரெய்லர் பக்கம் இத்தனை வருடமும் காலியாகவே கிடந்தது. அது உழவுக்குப் போவதில்லை, நெல் மூட்டைக்கும் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் யார் யாரோ இழுத்துப் போகிறார்கள், யார் எழுதுவது? போன வாரம் இடது சக்கரத்தில் கை வைத்த தம்பி சட்டென்று எடுத்துக்கொண்டான். பேரிங் அவ்வளவு சூடு. கழற்றினால் கிரீஸ் கருகி மண்ணாக இருந்தது. அந்தப் பக்கத்தில் முதல் வரி அன்றைக்குத்தான் விழுந்தது, தம்பி கையெழுத்தில்.