தலசீமியாவைக் கண்டுபிடிக்க: குழாயா, ரத்த அணுச் சீட்டா, எச்.பி.எல்.சி.யா?

இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டாத கர்ப்பிணியிடம், "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா?" என்று கடிந்துகொள்கிறோம். அவர் ஒருநாள்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் குறைபாடு. அவர் தலசீமியா மைனராக, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறை வந்தவராக இருந்தால், மாத்திரையால் மட்டும் அந்த எண் ஏறிவிடாது. அவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. கணவரும் மைனர் என்றால்தான் ஆபத்து. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை இரு பக்கக் குறையும் சேர்ந்த கடுமையான தலசீமியா மேஜருடன் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே திருமணம் முடிக்கும் வட ஆற்காட்டில் இதை ஒதுக்கிவிட முடியாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், மேஜர் குழந்தைகளுக்கும் உதவும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986 முதல் நடக்கிறது. வேலூர் மாவட்டத்துப் பீஞ்சமந்தை மலையில் இருப்பவருக்கோ ஒரு ரத்தப் பரிசோதனைக்கு இறங்கி வந்தாலே ஒருநாள் கூலி போய்விடும்.

மைனரைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. மலிவானது நெஸ்ட்ராஃப்ட் என்னும் குழாய்ப் பரிசோதனை. 0.36 சதவீத உப்புக் கரைசலில் சிறு துளி ரத்தம் விட்டு, அரைமணி நேரம் கழித்துக் கறுப்புக் கோட்டுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலை இல்லை, மங்கினால் சந்தேகம். மின்சாரமே வேண்டாம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவிலும் கோடு மங்கும். கரைசலின் அளவு பிசகினால் முடிவும் பிசகும். இன்னொரு பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோய் இல்லை என்று இதை வைத்துச் சொல்லவே கூடாது.

என் தேர்வு ரத்த அணுச் சீட்டுதான், அதாவது சி.பி.சி. பரிசோதனை முடிவு. ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் இயந்திரம் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனிச் செலவு ஏதுமில்லை. எண்கள் ஏற்கெனவே அச்சாகி வருகின்றன. நாமோ ஹீமோகுளோபினை மட்டும் அட்டையில் எழுதிக்கொண்டு சீட்டை மடித்துவிடுகிறோம். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழும் இருந்தால் நின்று பார்க்க வேண்டும். அடுத்து, எம்.சி.வி.யைப் பத்து லட்சக் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எம்.சி.வி. 64, சிவப்பணு 55 லட்சம் என்றால் 64-ஐ 5.5-ஆல் வகுக்கிறோம், விடை 11.6. 13-க்குக் குறைந்தால் தலசீமியா மைனர் பக்கம் சாய்கிறது. எம்.சி.வி. 70, சிவப்பணு 38 லட்சம் என்றால் 18.4, அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பெண்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஆகவே இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடக் கூடாது.

உறுதி செய்வது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைதான். அவற்றில் ஒன்றான ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் மைனர். அரிவாள் செல்லும் இதிலேயே தெரிந்துவிடும். இயந்திரம் விலை கூடியது, ஊருக்கு ஊர் வைக்க முடியாது. வைக்கவும் தேவையில்லை: குளிரில் வைத்த ரத்தம் சில நாள் தாங்கும். மலையிலிருந்து ஆள் இறங்க வேண்டாம், குழாய் இறங்கினால் போதும். இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தால் ஏ2 தாழ்ந்து காட்டும் என்பதையும், ரத்தம் ஏற்றியவருக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கர்ப்பிணிக்குப் பொறுத்திருக்க நேரமில்லை. கருவைச் சோதிக்கும் பரிசோதனையைப் 11-வது வாரம் முதல் செய்யலாம். அதற்குள் கணவரின் முடிவும் கையில் இருக்க வேண்டும். அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறாரா? அங்கேயே ரத்த அணுப் பரிசோதனை எடுத்து, சீட்டைப் படம்பிடித்துச் செவிலியருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இருவர் சீட்டிலும் எம்.சி.வி. குறைந்திருந்தால், மாத்திரை வேலை செய்கிறதா என்று காத்திராமல் அன்றே இருவரின் ரத்தத்தையும் எச்.பி.எல்.சி.க்கு அனுப்பிவிட வேண்டும்.