ஃப்ரீசர் பாக்ஸ் கடைக்கு எவனாச்சும் ரிவ்யூ போடுவானா, நான் போடறேன்

பழைய வண்ணாரப்பேட்டைல ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, சேர் வாடகைக்கு விடற கடை. ஆயா தவறுனப்ப எடுத்தோம். நடுராத்திரி போன் அடிச்சா கடைக்காரரு தூக்க கலக்கத்துலயும் "எத்தினாவது மாடிப்பா"ன்னு தான் கேட்டாரு, காசு பேச்சே எடுக்கல. குட்டியானைல வந்த பசங்க வாசல்லயே செருப்ப கழட்டிட்டு, எங்க குறுகலான படிக்கட்டுல பாக்ஸ சாய்ச்சி சாய்ச்சி ஏத்துனத பாக்கணுமே, செவுத்துல ஒரு கீறல் இல்ல. பிளக்க மாட்டிட்டு, "சும்மா சும்மா தொறக்காதீங்கக்கா, கூலிங் போயிடும்"னு அத்தைகிட்ட மெதுவா சொன்னான் ஒரு பையன், கண்ணாடி மேல தண்ணி கோத்துக்கிட்டா துடைக்க துணியும் குடுத்துட்டு போனான்.

சாவு வீட்ல பேரம் பேச மாட்டாங்கன்னு ரேட்ட ஏத்தறவங்க உண்டு, இவரு அப்படி இல்ல. பேரம் பேசுனது எங்க சித்தப்பா தான், ஆயாவுக்கு ஒரு மாத்திர வாங்கி குடுக்காத மனுஷன், மாலை மட்டும் ஆளுயரத்துக்கு.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு வண்டியும் கடைக்காரரே ஏற்பாடு பண்ணாரு. கார்ப்பரேஷன் சுடுகாட்டுல எரிக்க காசு கெடையாது, எவனாவது கேட்டா குடுக்காதீங்கன்னாரு, 21 நாளைக்குள்ள இறப்ப பதிஞ்சிடுங்கன்னும் ஞாபகப்படுத்துனாரு.

குறைன்னா சேரு தான், பாதி ஆடுது. ஒப்பாரி நடுவுல ஒரு சேர் கால் ஒடிஞ்சி மாமா மல்லாந்துட்டாரு, மாரடிச்சிட்டு இருந்த பொம்பளைங்க அத்தினி பேரும் சிரிச்சிட்டாங்க. ஆயா இருந்திருந்தா மொத ஆளா சிரிச்சிருக்கும்.

நாலு ஸ்டார், சேர மாத்துனா அஞ்சு.