காரைக்குடியிலிருந்து பிளாட்டினம்: கார்டு பத்து, வேலை முப்பத்தொன்று, மலேசியா அஞ்சு, திருச்சி நாலு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாரத்தில் நாலு நாள் விமானத்தில் பறக்கிற ஆள் இல்லை நான். எங்களுக்கு ஆத்தங்குடிக் கல் வியாபாரம். வீடு காரைக்குடி, பட்டறை ஆத்தங்குடி. சென்னை, கோவை, பெங்களூர் என்று மாதம் இரண்டு மூன்று முறை சைட்டுக்குப் போயே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தக் கல்லை மிஷின் டைல்ஸ் மாதிரி நினைத்துப் பதித்துவிடுகிறார்கள், முதல் நாலு வரிசை போகும்போது நாம் பக்கத்தில் நின்று சொல்லாவிட்டால் அப்புறம் கறை, மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் போன் நமக்குத்தான் வரும். ஆக, ராத்தங்கல் எப்படியும் இருக்கிறது. பெரிய ஹோட்டல் கம்பெனிகளில் மெம்பராகச் சேர்ந்தால், வருடத்தில் எத்தனை இரவு தங்கினோம் என்று எண்ணி, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படி ஏற்றிச் சலுகை தருவார்கள். அந்த ராத்தங்கலை வீணாக்காமல் அப்படி ஒரு கணக்கில் சேர்த்துப் பார்ப்போமே என்று 2023 கடைசியில் ஆரம்பித்தது இது.

தங்குகிற செலவுக்கு ஹோட்டல்காரர்கள் புள்ளியும் தருவார்கள், அதைக் கொடுத்து இலவசமாக அறை எடுக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் புள்ளி என்றால் வேறு அர்த்தம். கல்யாணமாகிக் குடும்பமாக இருந்தால் ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி, கோயில் வரி அந்தக் கணக்கில்தான். நான் போனைக் காட்டி "இவ்வளவு புள்ளி சேந்துருக்கு" என்று சொன்னபோது அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு வரி எவ்வளவுடா?" விளையாட்டாகக் கேட்டார். ஆனால் பதில் சொல்லத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

எந்தக் கம்பெனி என்று முடிவு செய்ததில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. செட்டிநாட்டில் இந்த மாதிரி செயின் ஹோட்டல் கிடையாது; காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம் எல்லாம் அருமையான இடங்கள்தான், ஆனால் அங்கே தங்கினால் இந்தக் கணக்கில் ஒரு இரவும் ஏறாது. ஹயாத்தில் உச்சப் படி குளோபலிஸ்ட், அதற்கு 60 இரவு. ஐஎச்ஜியில் பிளாட்டினத்துக்கு 40, அக்கோரில் கோல்டுக்கு 30. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், நாம் போகிற ஊரில் ஹோட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் அடையாறு பார்க் கிரவுன் பிளாசாவை நம்பி ஐஎச்ஜி சேர்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், 2023 டிசம்பரில் அதை மூடியதும் திரும்பவும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று. எனக்கு மதுரை, திருச்சி இரண்டிலும் மேரியட்டின் கோர்ட்யார்ட் ஹோட்டல் இருக்கிறது, சென்னையிலும் பெங்களூரிலும் மேரியட் கூட்டத்து ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. சரி, அவர்களுடைய மெம்பர் திட்டமான மேரியட் பான்வாய் என்று வைத்துக்கொண்டேன். அதில் 10 இரவுக்கு சில்வர், 25க்கு கோல்டு, 50க்கு பிளாட்டினம், 75க்கு டைட்டானியம்.

வேகமாகப் போக ஒரே நேர்வழி கார்டுதான். எச்டிஎஃப்சியும் மேரியட்டும் சேர்ந்து 2023இல் கொண்டுவந்த கிரெடிட் கார்டை எடுத்தேன். நான் எடுத்தபோது வருடக் கட்டணம் 3,000, அதோடு ஜிஎஸ்டி. அதற்குப் பதிலாக வருடத்துக்கு 10 இரவு கணக்கில் தானாக ஏறும், 15,000 புள்ளி வரைக்குமான அறையில் ஒரு இரவு இலவசம், செலவு 6 லட்சத்தைத் தொட்டால் இன்னொரு இரவு. பலருக்குத் தெரியாத விஷயம், இலவசமாகத் தூங்கிய இரவும் கணக்கில் ஒரு இரவுதான். இலவச இரவை ஒரு சான்றிதழாகத்தான் கணக்கில் போடுவார்கள், அதற்கு ஒரு வருடம்தான் ஆயுள். முதல் சான்றிதழை "நல்ல சமயம் பார்த்துப் பயன்படுத்துவோம்" என்று பத்திரமாக வைத்திருந்து காலாவதியாக்கினேன். ஆத்தா மரவைப் பாத்திரத்தை நல்லநாளுக்கென்று பரணில் வைத்திருப்பதைக் கிண்டல் செய்கிற வாய் இது.

2024இல் செய்த பெரிய தப்பு இன்னும் வலிக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய வீட்டு வேலை. கட்டுநர் ஆபீசிலிருந்து அவர்களே அறை போட்டுக் கொடுத்தார்கள், எல்லாம் பயண இணையதளம் வழியாக. மொத்தம் 11 இரவு தங்கினேன், கவுண்டரில் ஒவ்வொரு முறையும் என் மெம்பர் நம்பரைச் சொன்னேன், அவர்களும் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டார்கள். ஒரு இரவுகூட ஏறவில்லை. விதி அதுதான்: ஹோட்டலின் சொந்த ஆப், வலைத்தளம், அல்லது கம்பெனி நேரடி ஒப்பந்த விலை, இப்படிப் போட்டால்தான் இரவு கணக்காகும். விதியைப் படிக்காதது நான், யாரைக் குறை சொல்ல? அதற்குப் பிறகு எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே பேச்சுதான், "அறை நான் போட்டுக்கிறேன் சார், பில்லை அனுப்புறேன், இவ்வளவுக்கு மேல போகாது." யாரும் மறுத்ததில்லை, அவர்களுக்கும் ஒரு வேலை மிச்சம். இன்னொன்று, கொத்தனார் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று அறை என் பேரில் போட்டால் மூன்றுக்கும் புள்ளி வரும், ஆனால் இரவு ஒன்றுதான் ஏறும். 2018 வரைக்கும் மூன்றும் ஏறியதாம். நமக்கு அந்த யோகம் இல்லை.

அந்த வருடம் கார்டு பத்தும் தங்கிய பதினேழும் சேர்ந்து 27. கோல்டு வந்தது. வந்து என்ன? 25 சதவீதம் கூடுதல் புள்ளி, அறை காலியாக இருந்தால் இரண்டு மணிவரை இருக்கலாம், காலை டிபன் கிடையாது. திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் புதுக்கோட்டையில் இறங்கின மாதிரிதான் கோல்டு. புள்ளியும் பெரிதாகச் சேராது. ஒரு டாலருக்கு 10 புள்ளி என்றால் 5,500 ரூபாய் அறைக்கு ஏறக்குறைய 640, கோல்டுக் கொசுறோடு 800. ஒரு இலவச இரவுக்கு இப்படி எத்தனை இரவு தூங்கவேண்டும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

2025இல் ஒழுங்காக நடந்தேன். வேலையில் 31 இரவு. கோலாலம்பூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், திருச்சியிலிருந்து நேரடி விமானம், அங்கே சென்னையைவிட மலிவாகவே நல்ல அறை கிடைத்தது, ஐந்து இரவு. இதனால் பெரியாத்தா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சொந்தத்தில் வீடு இருக்கும்போது ஹோட்டலில் தங்குவது என்ன வழக்கம் என்று கேட்டார், கேள்வியில் தப்பே இல்லை. கார்டு பத்து. ஆக 46. டிசம்பர் பிறந்துவிட்டது, சைட் வேலை எதுவும் இல்லை.

நாலு இரவு பாக்கி என்றால் மனுஷன் சும்மா இருப்பானா? சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு திருச்சி போய்த் தூங்கிவிட்டு விடிந்ததும் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் நாள் கையில் பெட்டிகூட இல்லை, ஆத்தா கொடுத்த டிபன் கேரியர் மட்டும். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "லக்கேஜ் வண்டியில இருக்கா சார்?" என்றார். இல்லை என்றேன். ஆதாரில் காரைக்குடி விலாசத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மேலே போய்க் கட்டிலில் துண்டை விரித்து உட்கார்ந்து கந்தரப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நாலாவது முறை கிளம்பும்போது அப்பச்சி முகப்பில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "ஏன்டா, இங்க பன்னெண்டு ரூம்பு பூட்டிக் கெடக்கு, தூசி தட்ட ஆளில்ல. நீ தொண்ணூறு கிலோமீட்டர் போயி காசு குடுத்துத் தூங்குறியா?" பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

அந்த நாலு இரவுக்கு அறை, பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து 24,000 பக்கம். இப்போது வரவைப் பார்ப்போம். பிளாட்டினத்தில் லவுஞ்ச் இருந்தால் உள்ளே விடுவார்கள், பல பிராண்டுகளில் காலை டிபனும் உண்டு, ஆனால் பிராண்டுக்குப் பிராண்டு விதி மாறுகிறது, அறை போடும் முன்னால் கேட்டுவிடுங்கள். டிபனுக்கு ஹோட்டல் போடுகிற விலை 900 என்று வைத்துக்கொண்டு 25 நாளைக்குக் கணக்குப் போட்டால் செலவு கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். அது இல்லாவிட்டால் நான் தெருமுனையில் இட்லியும் பொங்கலும் காபியும் 150 ரூபாயில் முடித்திருப்பேன், ஆகவே எனக்கு அதன் மதிப்பு 150தான். ஐந்தொகையில் இதை 900 என்று எழுதினால் ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளை சிரிப்பார்.

உண்மையான லாபம் நாலு மணி செக்அவுட். ரிசார்ட் மாதிரி இடங்களைத் தவிர மற்றதில் பிளாட்டினத்துக்கு அது உறுதி. முன்பெல்லாம் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, பத்துக் கிலோ சாம்பிள் கல்லைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் வண்டி வரைக்கும் எழும்பூரில் உட்கார்ந்திருப்பேன். இப்போது காலையில் சைட், மதியம் வந்து குளித்து ஒரு தூக்கம், நாலு மணிக்குக் கிளம்பினால் போதும். முதுகுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை, இருந்தால் அங்கேதான் வரவு வைப்பேன். ஐம்பது முடித்ததற்குத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பரிசுகளில் மெத்தைக்கு 40 சதவீதத் தள்ளுபடியும் ஒன்று. திருச்சிக்குப் போவதற்கு முன்னாலேயே கொடுத்திருக்கலாம்.

நீங்கள் செய்வதானால் கார்டு, சொந்தப் பெயரில் நேரடி புக்கிங், இந்த இரண்டையும் யோசிக்காமல் செய்யலாம். வேலையிலேயே வருடம் 30 இரவு வராவிட்டால் பிளாட்டினத்தைத் துரத்த வேண்டாம். கடைசியில் ஐந்துக்கு மேல் பாக்கி என்றால் விட்டுவிடுங்கள்.

என் பிளாட்டினம் 2027 பிப்ரவரி வரை ஓடும். இந்த வருடம் கார்டு பத்தோடு சேர்த்து இதுவரை 29. டிசம்பரில் திருச்சிக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்பச்சி நம்பவில்லை.