வண்டிக்கு ஏற்றும் கரண்ட்: மிச்சக் கணக்கு எங்கே இடிக்கிறது?

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை வட்டாரத்தில் டெலிவரிக்கு மின்சார மினி வேன்களும் ஸ்கூட்டர்களும் ஓட்டும் நிறுவனத்தில் "டீசல் வண்டியைவிட மாதம் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டால், வண்டியின் ஆப் ஒன்று சொல்லும், சார்ஜர் மென்பொருள் ஒன்று சொல்லும், இ.பி. பில் வேறொன்று சொல்லும். நெடுநாள் பயன்பாட்டில் உறுதியானது இதுதான்: காசுக் கணக்குக்கு சார்ஜர் லைனில் தனியாகப் போட்ட சப்-மீட்டர். யார், எப்போது ஏற்றினார்கள் என்பதற்கு மென்பொருள். ஆப் காட்டும் யூனிட் பேட்டரிக்குள் போனது மட்டுமே. சார்ஜரில் வெப்பமாகப் போனது அதில் வராது. சுவர்ப் பக்கம் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக ஓடியிருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் வசதியுள்ள வண்டியென்றால், சித்திரை வெயிலில் அந்த வித்தியாசம் இன்னும் விரியும்.

சப்-மீட்டரில் தவறு நடப்பது பெரும்பாலும் சி.டி. (வயரில் ஓடும் கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் காட்டும் வளையம்) மாட்டும்போதுதான். R, Y, B என்ற மூன்று பேஸில் ஒன்றின் சி.டி. திரும்பியிருந்தால், லோடு சமமாக உள்ளபோது மீட்டர் உண்மையான யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். பில் குறைந்ததாக எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். சரிபார்ப்பது சுலபம். மீட்டர் காட்டும் பவர் ஃபேக்டர் (கரண்டும் வோல்டேஜும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) கார், வேன் சார்ஜர்களுக்கு முழு லோடில் 1-ஐ ஒட்டியே இருக்கும். ஏதாவது ஒரு பேஸ் மைனஸ் 1-ஐ ஒட்டிக் காட்டினால் சி.டி. தலைகீழ், மைனஸ் 0.5 பக்கம் நின்றால் ஒரு பேஸ் சி.டி.க்கு வேறு பேஸ் வோல்டேஜ் (R-க்கு Y என்பதுபோல) போயிருக்கிறது. 100 ஆம்பியரை 5 ஆகக் குறைக்கும் 100/5 சி.டி. போட்டுவிட்டு மீட்டரில் 60/5 என்று செட் செய்திருப்பதும் அடிக்கடி பார்க்கிற கோளாறு.

மென்பொருள் பக்கம் வேறு வகை. ஓ.சி.பி.பி. (சார்ஜரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது முறை) சார்ஜர்கள் நேரத்தைப் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் அனுப்பும். ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் அறிக்கை எடுத்தால், இரவு 10 மணிக்கு ஏற்றியது மாலை 4.30 என்று நிற்கும். உயர் அழுத்த இணைப்பில் காலை 6–10, மாலை 6–10 உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் என்பதால் இந்தப் பிசகுக்கு விலை உண்டு. வேன்கள் மாலை ஆறரைக்குத் திரும்பியதும் 7.4 கிலோவாட் சார்ஜர் மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் 22 கிலோவாட், அதுவும் சரியாக உச்ச நேரத்தில். பத்து மணிக்குமேல் தொடங்கும்படி டைமர் வைப்பதே இதுவரை கண்டதில் செலவில்லாத சிக்கனம். மூன்றையும் R, Y, B என்று பிரித்துப் போடுங்கள். ஒரே பேஸில் தொங்கவிட்டால் வோல்டேஜ் இறங்கி சார்ஜர் பாதியில் நின்றுவிடும்.

சார்ஜரைத் தொடங்கக் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. கார்டை டிரைவருக்குக் கொடுக்காமல் வண்டிச் சாவியோடு கோர்த்துவிடுவது நல்லது. டிரைவர் மாறினாலும் வண்டிக் கணக்கு கலையாது.

யூனிட் விலையைக் கண்டுபிடிக்க மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுப்பது வழக்கம். அது தவறு. ஏ.சி.க்கும் மோட்டாருக்கும் கட்டும் நிலைக் கட்டணம் வண்டித் தலையில் விழுந்துவிடுகிறது. யூனிட் விலை, வரி, சார்ஜருக்காகக் கூட்டிய லோடின் நிலைக் கட்டணம், இவ்வளவு போதும்.

கணக்கில் ஓட்டை போடுவது ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்). மாதாந்திரப் பராமரிப்புக்கு நாள் முழுக்க கரண்ட் இல்லாதபோது, யாரும் கவனிக்காமல் வண்டி டீசலில் ஏறிக்கொண்டிருக்கும். லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் என்றால், டீசல் மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாய். ஒரு வேன் மாதம் 2,000 கி.மீ. ஓடி, சுவர் மீட்டரில் 480 யூனிட் எடுக்கிறது, யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் செலவு 4,800. அதே ஓட்டத்துக்கு 16 கி.மீ. தரும் டீசல் வண்டி, லிட்டர் 92 ரூபாயில், 11,500 கேட்கும். மிச்சம் 6,700. அந்த 480-இல் 80 யூனிட் ஜென்செட்டில் ஏறியிருந்தால் மிச்சம் 5,100 ஆகிவிடும். சார்ஜர் லைனில் ஒரு கான்டாக்டர் (காயிலில் கரண்ட் இருக்கும்வரை மட்டும் லைனை இணைக்கும் சுவிட்ச்) வைத்து, அதன் காயிலுக்கு இ.பி. பக்கமிருந்து சப்ளை கொடுத்தால் ஜென்செட் ஓடும்போது லைன் தானே துண்டிக்கப்படும். அவசரத்துக்கு ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால், இ.பி.யையும் ஜென்செட்டையும் தனித்தனியாக எண்ணும் டூயல் சோர்ஸ் மீட்டர் போடுங்கள்.

ஒப்பிடும் டீசல் மைலேஜ், கம்பெனி விளம்பரத்தில் போட்டதாக இல்லாமல், பழைய பங்க் பில்களில் கிடைத்ததாக இருக்கட்டும். வழித்தடத்தையும் பிரிக்க வேண்டும். சமதள மேலூர் ஓட்டமும் மலையேறும் கொடைக்கானல் ஓட்டமும் ஒரே சராசரியில் அடங்காது. ஒன்றரை டன் வண்டி 2,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டுமே 8 யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பும், ஆனால் மேலே பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டால் ரீஜென் (பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கரண்ட் திருப்பும் வசதி) வேலை செய்யாது. கொடைக்கானலில் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஊழியர்கள் வீட்டில் ஏற்றும் ஸ்கூட்டர்களுக்கு வீட்டு பில்லை வாங்கிப் பங்கு போடுவது வீண் வம்பு. முதல் சில யூனிட்டுகள் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். நூறு கி.மீ.க்கு 4 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்து, ஓடோமீட்டர் படத்தைப் பார்த்துக் கிலோமீட்டருக்கு 40 பைசா கொடுத்தால் விவகாரம் முடிந்தது.